கண் போனது, கால் போகவில்லை

கும்பளங்கியில் ஏப்ரல் மாதத்து மாலை ஒன்று. காயலை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயதைக் கடந்த மீனவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் கண்களை மெய்நிகர்க் கருவி ஒன்று மூடியிருக்கிறது. இரு கைகளிலும் சிறிய கைப்பிடிகள். அவர் காண்பது பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறம். நாசாவின் ஒத்துழைப்போடு 2017இல் ஓக்குலஸ் நிறுவனம் வெளியிட்ட 'மிஷன்: ஐஎஸ்எஸ்' என்னும் செயலி அது. நிலையத்தின் வெளிச்சுவரில் பதித்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றி, அவர் தம்மை முன்னோக்கி இழுத்துக்கொண்டு போகிறார். கீழே நீலமாகப் பூமி உருள்கிறது.

எதிரே அமர்ந்து குறிப்பெடுப்பவள் ஓர் ஆய்வு மாணவி. மட்டாஞ்சேரியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்காக இத்தீவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பாவனைக் கருவிகளில் பெறும் பயிற்சி உண்மையான வேலைக்கு எந்த அளவு கைகொடுக்கிறது என்பது அவளுடைய ஆய்வுப் பொருள். விண்வெளி வீரர்கள் கலத்தை விட்டு வெளியேறிச் செய்யும் விண்நடைக்கு மெய்நிகர் முறையில் அளிக்கப்படும் பயிற்சியை அவள் எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆர்வத்தோடு கேட்டதால் அன்று கருவியை அவருக்கு அணிவித்தாள்.

பத்து நிமிடம் கழித்து அவர் கருவியைக் கழற்றினார்.

"எப்படி இருந்தது, சேட்டா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் இப்படி எழுதலாம்: "கண்ணு போயிடுச்சு மோளே. காலு போகலை. அது இந்த மண்ணிலேயே இருந்துச்சு."

மாணவி குனிந்து பார்த்தாள். நாற்காலிக்கு முன்னால் இருந்த மணலில் அவருடைய கால்விரல்கள் ஆழமாகப் புதைந்திருந்தன. கைகள் விண்வெளியில் கம்பி பற்றிய பத்து நிமிடமும் கால்கள் பூமியை இறுகப் பற்றியிருந்தன என்பதற்கு அந்தக் குழிகளே சாட்சி. அவளுடைய வினாநிரலில் இருபத்து நான்கு கேள்விகள் இருந்தன. காட்சி எவ்வளவு மெய்யாக இருந்தது, அங்கேயே இருப்பதாக எந்த அளவு உணர்ந்தீர்கள் என்று கேட்பவையே பெரும்பாலானவை. காலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

அன்றிரவு அவள் அந்த வினாநிரலை எடுத்துவைத்துவிட்டு விண்நடையின் வரலாற்றை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

அந்த வரலாறு ஒத்திகையின் போதாமையோடுதான் தொடங்குகிறது. 1965 மார்ச் 18 அன்று சோவியத் வீரர் அலெக்சி லியோனவ் உலகிலேயே முதன்முதலாகக் கலத்தை விட்டு வெளியே மிதந்தார். வெளியே இருந்தது சுமார் பன்னிரண்டு நிமிடங்கள். அதற்குள் வெற்றிடத்தில் அவருடைய உடை விறைத்து உப்பிவிட்டது. உடையிலிருந்து காற்றைச் சிறிது வெளியேற்றித் தளர்த்திய பிறகே அவரால் உள்ளே நுழைய முடிந்தது. தரையில் செய்த பயிற்சி அந்த உப்பலை அவருக்குக் காட்டியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ கலத்திலிருந்து யூஜின் செர்னன் வெளியே வந்தார். இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக வெளியே இருந்த அவர் களைத்துச் சோர்ந்துபோனார். எங்கேனும் உடலை ஊன்றி நிறுத்தப் போதிய பிடிமானம் இல்லை. ஒரு திருகைத் திருப்பினால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு எகிறியது. முகக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து பார்வை மறைந்தது. முதுகில் பொருத்திப் பறக்க வேண்டிய கருவியின் சோதனையைக் கைவிட்டு அவர் தட்டுத்தடுமாறி உள்ளே திரும்ப நேர்ந்தது.

செர்னனும் பயிற்சி பெற்றவரே. மேலெழுந்து வளைந்து இறங்கும் விமானத்துக்குள் எடையின்மையைப் பழகியிருந்தார். அந்த விமானம் ஒரு வளைவுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவான எடையின்மையையே தரும். பிறகு எடை திரும்பும். உடல் ஓய்வு கொள்ளும். அடுத்த வளைவு வரும். விமானம் காட்டிய எடையின்மை உண்மையானது. அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் உடலுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் அது மறைத்தது. எது மறைக்கப்படுகிறது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே ஒத்திகை பார்த்தவர்கள், அசைவுகளுக்கு இடையே விமானம் இலவசமாக வழங்கிய ஓய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கான விடை நீரிலிருந்து வந்தது. பால்டிமோர் நகருக்கு அருகே உள்ள ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் ஜெமினி கலத்தின் மாதிரி இறக்கப்பட்டது. பஸ் ஆல்ட்ரின் அங்கே விண்நடையை ஒத்திகை பார்த்தார். கால்களை நுழைத்து நிறுத்தும் பிடிகளும், இடுப்பில் கட்டும் சிறு கயிறுகளும், இடையிடையே கட்டாய ஓய்வும் திட்டத்தில் சேர்ந்தன. 1966 நவம்பரில் ஜெமினி 12 பயணத்தில் அவர் மூன்று முறையாக ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் வெளியே வேலை செய்தார். செர்னனுக்கு நேர்ந்த தவிப்பு அவருக்கு நேரவில்லை. குளம் நேரத்தை முழுமையாகத் தந்தது. எனவே களைப்பும் மறையாமல் வெளிப்பட்டது. அதற்குப் பின் நீர்த்தொட்டி விண்நடைப் பயிற்சியின் அடிப்படையாகவே ஆகிவிட்டது.

இந்தப் பகுதியைப் படித்த மறுநாள் மாணவி சேட்டனின் சீனவலையருகே போய் நின்றாள். கும்பளங்கிக்கு வருபவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் காட்சி அது: நீரின் மேல் சாய்ந்த நீண்ட மரங்கள், அவற்றின் நுனியில் தொங்கும் வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டிய கற்கள். வலையும் மரமும் ஒரு பக்கம் இழுக்க, கற்கள் மறுபக்கம் இழுத்து ஈடுசெய்கின்றன. ஃபோர்ட் கொச்சிக் கடலோரத்தின் பெரிய வலைகளில் ஓர் ஆள் நடுமரத்தின் மேல் நடந்து போனாலே அவர் எடைக்கு வலை நீருக்குள் இறங்கிவிடும். கும்பளங்கியின் சிறிய வலைகளை ஒருவர் இருவர் கயிறு இழுத்தே ஏற்றி இறக்குவர்.

"கல்லு எதுக்குத் தெரியுமா மோளே?" என்று சேட்டன் கேட்டார்.

"வலை தூக்க லேசா இருக்கணும்னு."

"அது பாதிதான். வலையோட கனத்தைக் கல்லு வாங்கிக்கும். மிச்சம் இருக்கறது மீனோட கனம். அது மட்டும் கைக்குத் தெரியணும். எங்க அப்பன் விளக்கை அணைச்சுட்டுத்தான் கயிறைக் கையில குடுப்பார்."

ஹூஸ்டனில் நாசா வைத்திருக்கும் நடுநிலை மிதப்பு ஆய்வகத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. 62 மீட்டர் நீளமும் 31 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் கொண்ட அந்தத் தொட்டி இரண்டே கால் கோடி லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். நீருக்கடியில் விண்வெளி நிலையப் பகுதிகளின் முழு அளவு மாதிரிகள் நிற்கும். விண்வெளி உடை அணிந்தவரை இறக்கியபின், முக்குளிப்போர் அவர் உடையில் எடைக்கட்டிகளையும் மிதவைகளையும் மாற்றி மாற்றிப் பொருத்துவர். அவர் மூழ்கவும் கூடாது, மேலெழவும் கூடாது. ஒரு பக்கமாகச் சாயவும் கூடாது. அந்தச் சமநிலை கிடைத்தபின், சீனவலையின் கல்லைப் போல, எடை கணக்கிலிருந்து விலகிவிடும். வேலையின் கடினம் மட்டும் கைக்குத் தெரியும். உடைக்குள் நிரப்பிய காற்றின் அழுத்தம் தரைமட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் ஒவ்வொரு முறை விரல் மடக்கும்போதும் கையுறை எதிர்த்து விரியும். ஆறு மணி நேரம் அப்படி விரல் மடக்குவதன் வலியைத் தொட்டி மறைக்காமல் காட்டுகிறது.

தொட்டியும் சிலவற்றை மறைக்கவே செய்கிறது. நீருக்குத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் சிறிது தூரத்தில் அது நின்றுவிடும். விண்வெளியில் அது நிற்காது. பிடித்து நிறுத்தும் வரை போய்க்கொண்டே இருக்கும். அடுத்தது, உடைதான் மிதக்கிறது; உடைக்குள் இருக்கும் உடல் எடையோடுதான் இருக்கிறது. தலைகீழாகத் திரும்பி வேலை செய்யும்போது முழு எடையும் தோள்பட்டைகளின் மேல் இறங்கும். தொட்டிப் பயிற்சியில் வீரர்கள் சிலருக்குத் தோளில் காயம் ஏற்பட்டதற்கு இது ஒரு காரணம். எந்தக் குளமும் விண்வெளி நிலையம் முழுவதையும் கொள்ளுமளவு பெரிதன்று என்பதும் உண்மை.

இந்த இடத்தில்தான் மெய்நிகர்க் காட்சி நுழைகிறது. ஹூஸ்டனின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1990களின் தொடக்கத்தில் மெய்நிகர் ஆய்வகம் உருவாயிற்று. 1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற குழு ஐந்து விண்நடைகளை மேற்கொண்டது. புறப்படுவதற்கு முன் அந்த வேலைகளை மெய்நிகர் உலகிலும் ஒத்திகை பார்த்திருந்தது. தரையிலிருந்து பணியை வழிநடத்திய குழுவினர் சுமார் நூறு பேரும் மெய்நிகர்ப் பயிற்சி பெற்றனர். விண்வெளிக்கே போகாதவர்களுக்கு இப்பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழலாம். தொலைநோக்கியின் எந்தப் பக்கத்தில் எந்தக் கதவு திறக்கும், வீரர் நிற்கும் இடத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்பதை அறியாதவர் அவருக்குச் சரியான நேரத்தில் சரியான சொல்லைச் சொல்ல முடியாது. கண்ணுக்கான கல்வியைக் கண்ணுக்கு வழங்கும் இந்தக் கருவி இங்கே தன் முழுப் பயனைத் தந்தது.

கண்ணால் கற்க வேண்டியவை விண்நடையில் மிகுதி. பூமியைச் சுற்றி வரும் ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதி பகல், பாதி இரவு. பகலில் பழகிய பாதை இரவில் வேறொன்றாகத் தோன்றும். எந்தக் கம்பியிலிருந்து எந்தக் கம்பிக்குக் கை மாறுவது, பாதுகாப்புக் கயிறு எங்கே சிக்கும், எந்திரக் கையின் நுனியில் நின்று போகையில் கலத்தின் எந்தப் பகுதி எப்போது எதிர்ப்படும் ஆகியவற்றை மெய்நிகரில் பலமுறை பார்த்துப் பழகலாம். எந்திரக் கையை உள்ளிருந்து இயக்குபவரும் வெளியே நிற்பவரும் ஒரே காட்சியைப் பகிர்ந்துகொண்டு பேசிப் பழகலாம்.

தொட்டியில் செய்யவே முடியாத ஒத்திகை ஒன்றும் உண்டு. விண்நடையில் இருப்பவர் கயிறு அறுந்து நிலையத்திலிருந்து விலகிப்போனால், முதுகில் பொருத்திய 'சேஃபர்' என்னும் சிறு கருவியால் திரும்பி வர வேண்டும். இருபத்து நான்கு சிறு துளைகள் வழியே நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சும் கருவி அது. வினாடிக்குச் சுமார் மூன்று மீட்டர் அளவுக்கு மட்டுமே வேகத்தை மாற்ற அதிலுள்ள வாயு போதும். தவறான திசையில் வீணாக்கினால் மறுபடி முயல வாயு இராது. 1994 செப்டம்பரில் மார்க் லீயும் கார்ல் மீடும் கயிறின்றி மிதந்து அதைச் சோதித்தனர். உயிர் காக்கும் கட்டாயத்தில் அதைப் பயன்படுத்த இதுவரை எவருக்கும் நேரவில்லை. ஆகவே அந்தப் பயிற்சி முழுவதும் மெய்நிகரையே சார்ந்திருக்கிறது. நீரில் உருண்டு சுழலும் உடலை நீரே நிறுத்திவிடும். மெய்நிகரில் அது சுழன்றுகொண்டே இருக்கும். நிலையத்தில் தங்கியிருப்பவர்களும் விண்நடைக்கு முன் கணினியோடு இணைந்த கருவியைக் கண்ணில் மாட்டி இதைப் பழகிக்கொள்கின்றனர்.

அப்படிப் பயிலும் வீரர் ஹூஸ்டன் ஆய்வகத்தில் ஒரு நாற்காலியில்தான் அமர்ந்திருப்பார். இந்த வரியைப் படித்தபோது மாணவிக்கு முற்றத்து மணலும் அதில் புதைந்த விரல்களும் நினைவுக்கு வந்தன. காட்சி நகர்கிறது என்று கண் சொல்லும். நகரவில்லை என்று உள்காது சொல்லும். இரண்டும் முரண்படுவதால் சிலருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாகும். கனமான பொருளை நகர்த்தும் வேலையில் இந்த முரண் மேலும் பெரிதாகும். பார்வைக்கு அது மிதக்கும் பெட்டி. ஆனால் அதன் நிலைமம் குறையவில்லை. நகரத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். வெறுங்கையில் அந்த நிலைமத்தை உணர வழி இல்லை. அதனால் அந்த ஆய்வகத்தில் 'சார்லட்' என்று பெயரிட்ட எந்திரம் ஒன்றைச் சேர்த்தார்கள். நாற்புறமும் கம்பிவடங்களால் தாங்கப்பட்ட, கைப்பிடிகள் கொண்ட பெட்டி அது. விண்வெளியில் ஒரு பெரும்பொருள் எப்படித் தயங்கி நகருமோ, எப்படி நிற்க மறுக்குமோ, அப்படியே மோட்டார்கள் அதனை அசைக்கும். கண்ணுக்கு மட்டும் கிடைத்த பயிற்சி போதாது என்பதை அந்த ஆய்வகமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

இவற்றையெல்லாம் மாணவி ஒரு தாளில் பட்டியலிட்டாள். விமானம் உண்மையான எடையின்மையைத் தருகிறது, நேரத்தை மறைக்கிறது. நீர்த்தொட்டி நேரத்தையும் களைப்பையும் தருகிறது. நகர்வின் உண்மையை மறைக்கிறது. மெய்நிகர் நகர்வையும் ஒளியையும் முழு நிலையத்தையும் தருகிறது; கனத்தையும் வலியையும் மறைக்கிறது. எந்த ஒன்றும் தனியே போதாது. ஒவ்வொன்றையும் பயன்படுத்தும்போது அது எதை மறைக்கிறது என்பதைப் பயில்பவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பயிற்சியே தவறான பழக்கமாக உடலில் படிந்துவிடும். குளத்தில் மட்டும் பழகியவர், பொருள் தானே நின்றுவிடும் என்று எதிர்பார்த்துக் கையை எடுப்பார். மெய்நிகரில் மட்டும் பழகியவர், வேலை எளிது என்று நம்பி முதல் ஒரு மணி நேரத்திலேயே கையின் வலுவை இழப்பார். மெய்நிகர் இவற்றுள் ஓர் ஆபத்தைக் கூடுதலாகக் கொண்டிருக்கிறது: அது அழகானது. நீர்த்தொட்டியை எவரும் விண்வெளி என்று மயங்குவதில்லை. மெய்நிகரில் மயங்குவதே நோக்கம். வினாநிரல்களும் அந்த மயக்கத்தையே வெற்றியாக அளக்கின்றன. அவளுடைய வினாநிரலும் அதைத்தான் அளந்துகொண்டிருந்தது.

இது கல்விப்புல விவாதத்தோடு முடியும் செய்தி அல்ல என்பதற்கு 2013 ஜூலை 16 சான்று. இத்தாலிய வீரர் லூகா பர்மிதானோ அன்று கிறிஸ் காசிடியோடு விண்நடைக்குச் சென்றார். சிறிது நேரத்தில் தலைக்குப் பின்னால் ஈரத்தை உணர்ந்தார். குளிர்விக்கும் அமைப்பிலிருந்து நீர் தலைக்கவசத்துக்குள் கசிந்துகொண்டிருந்தது. எடையற்ற நிலையில் நீர் வழிந்து இறங்காது; திரண்டு ஒட்டிக்கொள்ளும். அது அவர் காதுகளையும் கண்களையும் மூக்கையும் மூடியது. சூரியனும் மறைந்துவிட்டது. காண முடியாமல், பேச்சும் தெளிவாகக் கேட்காத நிலையில் அவர் காற்றறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இடுப்பில் பிணைத்த பாதுகாப்புக் கயிறு சுருளும்போது தரும் மெல்லிய இழுப்பைத் திசைகாட்டியாகக் கொண்டு, கையால் தடவித் தடவி அவர் வந்து சேர்ந்தார். கசிந்த நீர் சுமார் ஒன்றரை லிட்டர்.

ஒரு வாரத்துக்கு முந்தைய விண்நடையின் முடிவிலேயே அதே தலைக்கவசத்தில் நீர் காணப்பட்டிருந்தது. குடிநீர்ப் பையிலிருந்து கசிந்திருக்கும் என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்கள். அப்படி ஒரு பெருங்கசிவு எந்தக் குளத்திலும் எந்த மெய்நிகர் உலகிலும் ஒத்திகை பார்க்கப்பட்டதில்லை. பின்னர் தலைக்கவசத்துக்குள் நீரை உறிஞ்சும் பஞ்சுப் பட்டையும் மூச்சுவிட ஒரு குழாயும் சேர்க்கப்பட்டன. பர்மிதானோவைக் காப்பாற்றியது கயிற்றின் இழுப்பை அடையாளம் கண்ட கை. விளக்கை அணைத்துவிட்டு மகன் கையில் கயிற்றைக் கொடுத்த தகப்பனின் பாடத்துக்கு அருகில் வருகிறது அது. கும்பளங்கி முற்றத்தில் கண் போயிற்று, கால் போகவில்லை. பர்மிதானோவுக்கு நேர்ந்தது அதன் மறுபக்கம்: கண் அணைந்த பிறகும் கைக்கு வழி தெரிந்திருந்தது.

இந்தியாவுக்கு இக்கேள்வி இப்போது தொலைவில் இல்லை. ககன்யான் பயணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டன. பாலக்காடு மாவட்டம் நென்மாறையைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரும் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அவர்களில் இருவர். பெங்களூரிலுள்ள பயிற்சி நிலையத்தில் அசையா மாதிரிக் கலத்தோடு மெய்நிகர்ப் பாவனைக் கருவியும் இடம்பெற்றிருக்கிறது. இந்திய மனித விண்வெளித் திட்டத்தில் இத்தொழில்நுட்பங்களைக் கையாள்வதற்காக இஸ்ரோவும் சென்னை ஐஐடியும் 2023இல் உடன்பாடு செய்துகொண்டன. ககன்யானின் முதல் பயணத்தில் விண்நடை இல்லை. ஆனால் 2035க்குள் இந்தியாவுக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைய வேண்டும் என்பது இலக்கு. நிலையம் என்று ஒன்று இருந்தால் அதன் வெளிச்சுவரில் பழுதுபார்க்க யாரேனும் போகத்தான் வேண்டும்.

மாணவிக்கு வியப்பளித்த செய்தி கும்பளங்கிக்கு மிக அருகிலேயே இருந்தது. தீவுக்கு வடக்கே, வெலிங்டன் தீவில், ஐஎன்எஸ் கருடா கடற்படைத் தளத்தில் நீரில் உயிர்காக்கும் பயிற்சிக்கான தொட்டி ஒன்று உண்டு. நீரில் விழுந்த விமானத்திலிருந்து தப்புவதை விமானிகள் பழகும் இடம் அது. அலையின் அளவையும் வானிலையையும் பகலிரவையும் அங்கே செயற்கையாக உண்டாக்க முடியும். 2023 பிப்ரவரியில் ககன்யான் கலத்தின் மாதிரி ஒன்று அந்தத் தொட்டியில் இறக்கப்பட்டது. கடலில் வந்திறங்கும் கலத்தை மீட்கும் பணியின் முதல் ஒத்திகை அங்கேதான் நடந்தது. கலத்தின் எடை, எடைமையம், புற அளவுகள் ஆகியவற்றில் அந்த மாதிரி உண்மையானதை ஒத்திருந்தது. மீட்புக் குழுவின் முதல் அணியும் அதே ஆண்டில் அங்கே பயிற்சி பெற்றது. முதலில் மூடிய தொட்டி, பிறகு துறைமுகம், பிறகு திறந்த கடல் என்பது இஸ்ரோவும் கடற்படையும் வகுத்த வரிசை. 2023 ஜூலையில் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் அடுத்த கட்டம் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று ஆளில்லாச் சோதனைக் கலம் வங்கக் கடலில் இறங்கியபோது அது கவிழ்ந்த நிலையில் மிதந்தது. நிமிர்த்தும் அமைப்பு அந்தச் சோதனைக் கலத்தில் வைக்கப்படவில்லை. கவிழ்ந்த நிலையிலேயே கடற்படையினர் அதை மீட்டுக் கொண்டுவந்தனர்.

தொட்டியை நம்பி அங்கேயே நின்றுவிடாமல், ஒவ்வொரு படியும் முந்தைய படி மறைத்ததைக் காட்டும்படி அடுக்கப்பட்ட வரிசை அது. இந்திய விண்நடைக்கான பயிற்சி அமையும்போதும் இந்த அடக்கம் தேவைப்படும். மெய்நிகர்க் கருவி இன்று மலிவு. மாணவர் விடுதியறையிலும் கிடைக்கிறது. ஆழமான நீர்த்தொட்டியும் கம்பிவடத்தில் தொங்கும் எந்திரமும் மலிவல்ல. மலிவானதும் அழகானதுமான ஒன்று, விலை மிகுந்ததும் வலி தருவதுமான ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரலாம். அந்த ஆசைக்கு ஆதாரமாக அமையக்கூடிய அட்டவணைகளைத்தான் தன் ஆய்வேடு தயாரித்துக்கொண்டிருந்தது என்பதை மாணவி உணர்ந்தாள். 'பயிற்சி பெற்றோரில் பெரும்பாலோர் விண்வெளியிலேயே இருப்பதாக உணர்ந்தனர்' என்ற ஒரு வரியை வைத்து ஒரு தொட்டியின் செலவை வெட்டிவிட முடியும். பதினைந்து ஆண்டு கழித்து அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறொருவராக இருப்பார்.

மே மாதத் தொடக்கத்தில் அவள் வினாநிரலைத் திருத்தி எழுதினாள். காட்சியைப் பற்றிய கேள்விகள் பாதியாகக் குறைந்தன. உடலின் எந்தப் பகுதி பங்கேற்கவில்லை, எதைப் பிடித்துக்கொள்ள விரும்பினீர்கள், எந்த இடத்தில் களைத்திருக்க வேண்டும் என்று தோன்றியும் களைக்கவில்லை என்று புதிய கேள்விகள் வந்தன. பயில்பவரின் கால்களைத் தனியே ஒரு படக்கருவி பதிவு செய்ய ஏற்பாடு செய்தாள். முன்பு சேகரித்த தரவில் பெரும்பகுதி இனிப் பயன்படாது. நெறியாளருக்கு அதை விளக்கி எழுதிய மின்னஞ்சல் மூன்று நாள் அனுப்பப்படாமல் கிடந்தது. நான்காம் நாள் போயிற்று. ஆய்வேடு முடிய இன்னும் ஓராண்டு கூடுதலாகும்.

அன்றிரவு காயலில் கவரு பூத்திருந்தது. கோடையில் நீரின் உப்பு ஏறும்போது, ஒளிரும் நுண்ணுயிர்கள் பெருகி, அசைந்த இடமெல்லாம் நீலமாக மின்னும். 2019இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படத்துக்குப் பிறகு அதைக் காணவே வெளியூரார் வருகிறார்கள். சேட்டன் சிறு வள்ளத்தை அவிழ்த்தார். மாணவி முன்பக்கம் அமர்ந்தாள். துடுப்பு விழுந்த இடத்தில் நீலம் கிளர்ந்து அணைந்தது. மேலே நட்சத்திரங்கள், கீழே நீரில் சிதறிய ஒளி. இரண்டுக்கும் இடையே வள்ளம் எங்கே மிதக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாத இருட்டு.

"கையை உள்ள விடு மோளே," என்றார் அவர்.

அவள் விட்டாள். விரல்களைச் சுற்றி ஒளி எழுந்தது. அதோடு நீரின் குளிர்ச்சியும், வள்ளத்தின் வேகத்தில் விரல்களைப் பின்னுக்குத் தள்ளும் அதன் எதிர்ப்பும் வந்தன. அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஒளி போயிற்று. நீர் விரல்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது.